பொருந்தாத குயிக் ஹிட்ச் சட்டத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தைத் தரக் கோரும் புகார் கடிதம்

அனுப்புநர்
தென்னை விவசாயி,
ஆனைமலை வட்டம்,
கோயம்புத்தூர் மாவட்டம்.

பெறுநர்
குறைதீர்ப்பு அலுவலர்,
டிராக்டர் கருவிகள் இணையவழி விற்பனைப் பிரிவு.

நாள்: 02.07.2025

பொருள்: மினி டிராக்டருக்கான குயிக் ஹிட்ச் சட்டம், விளம்பரத்தில் சொன்னபடி பொருந்தாமையும் கொக்கிப் பூட்டு விட்டுப்போனமையும், பணத்தைத் திருப்பித் தரக் கோருதல் தொடர்பாக.

பார்வை: தங்கள் 02.06.2025 நாளிட்ட விற்பனைப் பட்டியல்.

ஐயா,

வணக்கம். தங்கள் இணையதளத்தில் 02.06.2025 அன்று 14,800 ரூபாய் செலுத்தி, கேட்டகரி 1 (சிறு டிராக்டர்களுக்கான இணைப்பு அளவு) குயிக் ஹிட்ச் சட்டம், அதாவது டிராக்டரின் பின்புறம் மாட்டிக் கருவிகளைக் கொக்கியில் எளிதாகப் பூட்ட உதவும் இரும்புச் சட்டகம் ஒன்றை வாங்கி, 09.06.2025 அன்று பொள்ளாச்சி பார்சல் அலுவலகத்தில் பெற்றுக்கொண்டேன். என்னிடம் உள்ள மூன்று கருவிகளில் ஒன்றில்கூட அது வந்தபடியே மாட்டவில்லை. தங்கள் ஊழியர் சொன்ன யோசனைப்படி பட்டறையில் செலவழித்து மாட்டிய பிறகு, இரண்டாம் நாளே வலப்பக்கக் கொக்கியின் பூட்டு விட்டுப்போய், மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் ஒருபக்கமாகத் தரையில் விழுந்தது. இப்போது, கருவியில் வெல்டிங் வேலை செய்துவிட்டதால் உத்தரவாதம் செல்லாது என்று தாங்கள் எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பதிலாகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மலிவானதை வாங்கிவிட்டுப் பிறகு குறை சொல்கிறார் என்று தாங்கள் எண்ணிவிடக் கூடாது என்பதால், இதை எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் தோப்பில் 25 அடிக்கு 25 அடி இடைவெளியில் தென்னை நிற்கிறது. ஊடுபயிராக கோகோவும் ஜாதிக்காயும் இருப்பதால் பெரிய டிராக்டர் உள்ளே திரும்ப முடியாது. ஆகவே 24 எச்.பி. மினி டிராக்டர் வைத்திருக்கிறேன். ரோட்டவேட்டர், ஐந்து கொத்துக் கலப்பை, மண் தள்ளும் பிளேடு ஆகிய மூன்றையும் ஒரே நாளில் மாற்றி மாற்றி மாட்ட வேண்டியிருக்கும். டிராக்டரின் பின்னால் உள்ள இரண்டு கீழ்க் கைகளில் இடது கையை முதலில் கருவியில் மாட்டி, பிறகு உயரம் திருகக்கூடிய வலது கையை மாட்டி, கடைசியில் டாப் லிங்க் என்னும் மேல் இணைப்புத் தண்டைக் கோக்க வேண்டும். சமதளத்தில் இது ஐந்து நிமிட வேலைதான். ஆனால் ஈர மண்ணில் சாய்ந்து கிடக்கும் 220 கிலோ ரோட்டவேட்டரைக் கடப்பாரையால் நெம்பி, கருவியின் பின்னை (இணைக்கும் இரும்புத் தண்டை) கையின் துளைக்கு நேராகக் கொண்டுவருவதற்குள் அரை மணி நேரம் போய்விடும். எனக்கு வயது 61. முதுகுத் தண்டில் கோளாறு உண்டு. உதவிக்கு அழைத்தால் வருவதற்கு ஆளும் இல்லை. இருக்கையை விட்டு இறங்காமல் கருவியைப் பூட்டலாம் என்பதற்காகவே குயிக் ஹிட்ச் வாங்க நினைத்தேன்.

இதற்கு மூன்று வழிகள் இருப்பதாக விசாரித்து அறிந்தேன். முக்கோண வடிவில் வரும் இணைப்பை வாங்கினால், அதற்கு எதிரான முக்கோணத்தை ஒவ்வொரு கருவியிலும் வெல்டு செய்தாக வேண்டும். மூன்று கருவிக்கும் மூன்று செலவு. டிராக்டரின் கீழ்க் கைகளையே கழற்றிவிட்டு நுனியில் கொக்கி உள்ள கைகளை மாட்டுவது இரண்டாவது வழி. அதற்கு எனக்குச் சொல்லப்பட்ட விலை தங்கள் விலையைப் போல் இரு மடங்குக்கும் மேல். மூன்றாவது, தாங்கள் விற்பது போன்ற, மேலே ஒன்றும் கீழே இரண்டுமாக மூன்று கொக்கிகள் கொண்ட சட்டம். இதிலும் வேறொரு கடையில் 23,000 ரூபாய்க்கு ஒன்று இருந்தது. அதில் மேல் கொக்கியை ஏற்றி இறக்கலாம். பின்களின் மேல் மாட்டும் உருளை வளையங்களான புஷ்களும் சேர்ந்தே வரும். அதைவிடத் தங்களுடையது 8,200 ரூபாய் குறைவு.

அந்த 8,200 ரூபாய் எதனால் குறைகிறது என்று தெரிந்துகொள்ளவே 31.05.2025 அன்று தங்கள் விற்பனை எண்ணுக்கு அழைத்தேன். மேல் கொக்கியின் உயரம் மாறுமா, புஷ்கள் உடன் வருமா என்ற இரண்டே கேள்விகளைத்தான் கேட்டேன். "கேட்டகரி 1 கருவி எதுவா இருந்தாலும் அப்படியே மாட்டிக்கும் சார், புஷ் எல்லாம் செட்டோடவே வரும்" என்பது எனக்குக் கிடைத்த பதில். தங்கள் இணையதளத்திலும் 'எல்லாக் கேட்டகரி 1 கருவிகளுக்கும் பொருந்தும்' என்றே இருந்தது. அந்தப் பக்கத்தின் படத்தை இத்துடன் இணைத்துள்ளேன்.

பெட்டியைப் பிரித்தபோது புஷ் ஒன்றுகூட இல்லை. கேட்டகரி 1 கருவியின் கீழ்ப் பின் 22 மி.மீ. தடிமன் கொண்டது. தங்கள் சட்டத்தின் கீழ்க் கொக்கிகளோ 36.5 மி.மீ. புஷ் உட்காரும்படி வெட்டப்பட்டவை. புஷ் இல்லாமல் மாட்டினால் 14.5 மி.மீ. வெற்றிடத்தில் பின் அடித்துக்கொண்டே இருக்கும். புஷ் என்பது இங்கே விருப்பம்போல் வாங்கும் உபரிப் பொருள் அல்ல, கொக்கியின் ஓர் அங்கம்.

அதைவிடப் பெரிய குறை மேல் கொக்கியில் இருக்கிறது. கீழ்க் கொக்கிகளின் மட்டத்திலிருந்து மேல் கொக்கி 381 மி.மீ. உயரத்தில், அசையாதபடி வெல்டு செய்யப்பட்டிருக்கிறது. என் ரோட்டவேட்டரில் கீழ்ப் பின்னுக்கும் டாப் லிங்க் பின்னுக்கும் இடையே 460 மி.மீ.; கேட்டகரி 1 கருவிக்குரிய தர அளவும் அதுதான். பொள்ளாச்சிப் பட்டறையில் செய்த கலப்பையில் 430, பிளேடில் 445. ஆக, மேல் கொக்கி ரோட்டவேட்டரின் பின்னுக்கு 79 மி.மீ. கீழேயே நின்றுவிடுகிறது. இரும்பு டேப்பை வைத்து அளந்து எடுத்த மூன்று புகைப்படங்களையும் இணைத்திருக்கிறேன். தங்கள் சட்டம் அளவு தவறிச் செய்யப்பட்டது என்று நான் சொல்லவில்லை. 381 என்பது அமெரிக்காவில் குயிக் ஹிட்ச் சட்டங்களுக்கென்றே வைத்திருக்கும் 15 அங்குல அளவு. அங்கே பல கருவிகளில் அந்த உயரத்தில் தனியாக ஒரு துளை விட்டே விற்கிறார்கள். இங்கே பட்டறைகளில் செய்யப்படும் கலப்பைகளில் அப்படி ஒரு துளை கிடையாது. இது தெரிந்தே விற்றீர்களா, தெரியாமல் விற்றீர்களா என்பது எனக்குப் புரியவில்லை. ஆனால் 'அப்படியே மாட்டிக்கும்' என்று சொல்ல இடமில்லை என்பது மட்டும் அளவுகளைப் பார்த்தாலே விளங்கும்.

11.06.2025 அன்று அழைத்து இவை எல்லாவற்றையும் சொன்னேன். டாப் லிங்க் பின் மாட்டும் கருவியின் நடுத்தகட்டில் 381 மி.மீ. உயரத்தில் வேறொரு துளை போட்டுக்கொள்ளுமாறு தங்கள் சேவைப் பிரிவு ஊழியர் யோசனை சொன்னார். அதையே வாட்ஸ்அப்பில் படம் வரைந்தும் அனுப்பினார். அந்தச் செய்தி என்னிடம் இருக்கிறது. பட்டறைக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, "வெறும் ஓட்டை மட்டும் போட்டா தகட்டுக்குப் பலம் இருக்காதுங்க, ரெண்டு பக்கமும் பட்டை வெச்சு வெல்டு அடிச்சுத் தரேனுங்க" என்றார். மூன்று கருவிகளுக்கும் அந்த வேலையைச் செய்து, லேத்தில் ஒன்பது புஷ்களையும் கடைந்து தருவதற்கு 3,600 ரூபாய் ஆயிற்று. 15.06.2025 அன்றுதான் முதன்முதலாக ரோட்டவேட்டரை மாட்டி ஓட்டினேன்.

இடையில் இன்னொன்றையும் கவனித்தேன். சட்டம் நடுவில் வந்ததால் ரோட்டவேட்டர் 105 மி.மீ. பின்னுக்குத் தள்ளிப்போகிறது. டிராக்டரின் சுழல் விசையைக் கருவிக்குக் கொண்டுசெல்லும் பி.டி.ஓ. ஷாஃப்டின் இரண்டு குழாய்களும் முன்பு எவ்வளவு நீளம் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்திருந்தன என்பது உள்குழாயில் படிந்த கிரீஸ் தடத்தைப் பார்த்தாலே தெரியும். அது 20 செ.மீ. இருந்தது. சட்டத்தை மாட்டிக் கருவியை முழுவதும் இறக்கிப் பார்த்தபோது 9 செ.மீ.தான் மீந்தது. இந்தப் பிடிப்போடு நிமிடத்துக்கு 540 சுற்று ஓட்டினால், மேடு பள்ளத்தில் குழாய்கள் பிரிந்து ஷாஃப்ட் சாட்டைபோல் சுழன்று அடித்துவிடும். நல்லவேளையாகக் கண்ணில் பட்டதால், ஓட்டுவதற்கு முன்பே நீளமான ஷாஃப்ட் வாங்கி மாட்டினேன். எந்த நிறுவனத்தின் சட்டமாக இருந்தாலும் கருவி கொஞ்சம் பின்னுக்குப் போகத்தான் செய்யும் என்பதால், அந்தச் செலவை நான் தங்களிடம் கேட்கவில்லை. ஆனால், ஷாஃப்ட் நீளத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று ஒரு வரியாவது தங்கள் கையேட்டில் இருந்திருக்க வேண்டும். நான்கு பக்கக் கையேட்டில் அது இல்லை.

16.06.2025 காலை, பி.டி.ஓ.வை நிறுத்தி, ரோட்டவேட்டரை முழு உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு வாய்க்காலைத் தாண்டும்போது, பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்ப்பதற்குள் ரோட்டவேட்டரின் வலப்பக்கப் பின், கொக்கியிலிருந்து எகிறி, ரோட்டவேட்டர் அந்தப் பக்கமாகச் சாய்ந்து வாய்க்கால் கரையில் இறங்கிவிட்டது. பின்னால் யாரும் நடந்து வரவில்லை. இறங்கிப் பார்த்தபோது காரணம் தெளிவாகத் தெரிந்தது. கொக்கியின் வாயை மூடும் பூட்டு நாக்கை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங், தீக்குச்சித் தடிமன் உள்ள ஒரு சிறு முளையில் மாட்டப்பட்டிருக்கிறது. அந்த முளையைச் சுற்றி வெல்டிங் ஓடவில்லை. ஒரே ஒரு பொட்டு வைத்து, மேலே ஆரஞ்சு பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். பொட்டு விட்டதும் முளை கழன்றது. ஸ்பிரிங் தளர்ந்து நாக்கு திறந்துகொண்டது. இடப்பக்க முளையை நகத்தால் தள்ளினாலே ஆடுகிறது. பட்டறையில் வேலை நடந்தது கருவியின் நடுத்தகட்டில். தங்கள் சட்டத்தின் மீது யாரும் கை வைக்கவில்லை. அப்படியிருக்க, எங்கள் வெல்டிங்குக்கும் இந்த முளைக்கும் என்ன தொடர்பு என்பதைத் தங்கள் 25.06.2025 மின்னஞ்சல் விளக்கவில்லை. தங்கள் ஊழியரே சொல்லிச் செய்வித்த வேலையைக் காரணம் காட்டி உத்தரவாதத்தை மறுப்பது எந்த வகையில் முறையாகும் என்பதையும் தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

நான் மின்னஞ்சல் அனுப்பியது 17.06.2025 அன்று. இணையவழி விற்பனைக்கான 2020 ஆம் ஆண்டு நுகர்வோர் விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். தங்களிடமிருந்து முதல் பதில் வந்தது எட்டாம் நாள். தங்கள் பட்டியலில் திருப்பித் தருவதற்கான காலம் எதுவும் குறிப்பிடப்படவில்லை. அவ்வாறு குறிப்பிடாதபோது, குறைபாடுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திரும்பப் பெற மறுப்பதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 முறையற்ற வணிக நடவடிக்கையாகக் கருதுகிறது. நான் முதலில் முறையிட்டது பொருள் கைக்கு வந்த இரண்டாம் நாள்.

எனவே, சட்டத்தின் விலை 14,800 ரூபாய், பட்டறைச் செலவு 3,600 ரூபாய், பார்சல் கட்டணம் 650 ரூபாய் ஆக மொத்தம் 19,050 ரூபாயை இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் என் வங்கிக் கணக்கில் செலுத்துமாறும், சட்டத்தைத் தங்கள் செலவிலேயே எடுத்துச் செல்லுமாறும் கேட்டுக்கொள்கிறேன். மாற்றுச் சட்டம் அனுப்புவதாக இருந்தால் எனக்கு வேண்டாம். அதே 381-ஐ மறுபடியும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? இத்துடன், இணையதளத்தில் 'எல்லாக் கருவிகளுக்கும் பொருந்தும்' என்ற வரியை எடுத்துவிட்டு, மேல் கொக்கியின் உயரம், புஷ் தனியாக வாங்க வேண்டும் என்ற விவரம், கருவி எவ்வளவு பின்னுக்குப் போகும் என்ற அளவு ஆகிய மூன்றையும் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இவை முன்பே இருந்திருந்தால், நான் டேப்பை எடுத்து அளந்துவிட்டு 23,000 ரூபாய் சட்டத்தையே வாங்கியிருப்பேன். குறிப்பிட்ட காலத்துக்குள் பதில் வராவிட்டால், 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் கோயம்புத்தூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் முறையிடுவேன்.

பட்டியல், பட்டறை ரசீது, வாட்ஸ்அப் படம், கழன்ற முளையின் புகைப்படம் ஆகியவற்றின் நகல்கள் இத்துடன் உள்ளன. முளையை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். சட்டம் டிராக்டர் கொட்டகையில் சாக்கு போர்த்தி இருக்கிறது. எடுக்க வருபவர்கள் காலை பத்து மணிக்குள் வந்தால் நான் வீட்டில் இருப்பேன். அதை வண்டியில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும். நான் தூக்க மாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)