நேர்க்கோடும் நெஞ்சில் ஷாக்கும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சினிமாவில் மருத்துவமனைக் காட்சி வந்தால் அடுத்து என்ன நடக்கும் என்று குழந்தைகளுக்கும் தெரியும். மானிட்டரில் பச்சைக் கோடு நேராகப் படுத்துவிடும். டாக்டர் நெஞ்சில் ஷாக் கொடுப்பார், உடம்பு தூக்கிப்போடும், நோயாளி கண் விழிப்பார். நிஜத்தில் கோடு நேரானால் ஷாக் கொடுப்பதே இல்லை. அது தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை ஒழுங்குக்குக் கொண்டுவரும் வைத்தியம். அடங்கிப்போன இதயத்துக்கு நெஞ்சை அழுத்துவதும் அட்ரினலின் என்ற மருந்தும்தான்.

அந்த அழுத்தலையாவது ஒழுங்காகக் காட்டுகிறார்களா? முழங்கையை மடக்கி, மெத்தையைத் தட்டிப் பார்ப்பதுபோல நாலு தட்டு. உண்மையில் 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். விலா எலும்பு முறிவதும் உண்டு. நடிகர்மேல் அப்படி அழுத்த முடியாது, சரி. ஒரு பொம்மையை வைத்து எடுக்கலாமே!

1996-ல் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களை ஆராய்ந்த மருத்துவர்கள், இப்படி முதலுதவி பெற்றவர்களில் நான்கில் மூன்று பேர் உடனடியாக உயிர் மீண்டதாகக் காட்டப்படுவதைக் கண்டார்கள். நிஜத்தில் பிழைப்பவர்கள் அதைவிட மிகக் குறைவு. ஐ.சி.யு. வாசலில் நிற்கும் உறவினர் திரையில் பார்த்த கணக்கோடுதான் நிற்கிறார்.

பாம்புக்கடியைக் கீறி உறிஞ்சும் கதாநாயகன் இன்னும் ஆபத்தானவர். கீறுவதும் இறுகக் கட்டுவதும் கேடுதான். கடிபட்ட காலை அசைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோவதில் 'சீன்' இல்லையே, என்ன செய்ய?

உங்கள் திரை விமர்சனப் பகுதியில், இத்தகைய படங்கள் வரும்போது ஒரு மருத்துவரிடமும் இரண்டு வரி கேட்டு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்