விதைத் திருவிழா நடத்துகிறவர்களுக்கு: மூலிகைக்கும் ஒரு மேசை ஒதுக்குங்கள்

ஊர் ஊராக மரபு விதைத் திருவிழா நடத்திவரும் நண்பர்களுக்கு,

வணக்கம். பல வருடமாக உங்கள் திருவிழாக்களுக்கு வந்து போகிறவன் நான். கத்தரி, பாகல், சுரை, அவரை என்று என் தோட்டத்தில் நிற்பதில் பாதிக்கு மேல் உங்களிடம் வாங்கிய விதைதான். அதில் ஒரு தடவைகூட ஏமாந்ததில்லை. மூலிகை விதை விஷயத்தில் மட்டும் அப்படிச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு திருவிழாவில் ‘கீழாநெல்லி’ என்று பேனாவால் எழுதிய சின்னப் பொட்டலம் ஒன்று வாங்கினேன். விதை தூசி மாதிரி இருந்ததால் மணலோடு கலந்து தூவினேன். நன்றாகவே முளைத்தது. ஒரு சாண் வளர்ந்ததும் தண்டு சிவக்க ஆரம்பித்தது. காய்கள் இலைக்கு அடியில் வரிசையாகத்தான் தொங்கின, ஆனால் தொட்டால் சொரசொரப்பு. கீழாநெல்லியின் காய் வழுவழுப்பாக இருக்க வேண்டும். எங்கள் ஊர் சித்த மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். “இது சிவப்புக் கீழாநெல்லி, நீங்கள் தேடுகிற செடி இல்லை” என்றார். விற்றவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கும் யாரோ அப்படிச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

அந்த மருத்துவர் அன்றைக்கு ஒரு கைலென்ஸை எடுத்து இரண்டு செடியின் விதைகளையும் அருகருகே வைத்துக் காட்டினார். ஒரு காயில் மூன்று அறை, ஆறு விதை. கீழாநெல்லி விதையின் முதுகில் கோடுகள் நீளவாக்கில் ஓடுகின்றன. சிவப்பில் அதே கோடுகள் குறுக்காக ஓடுகின்றன. வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது. அந்த ஒரு நிமிட வேலையை உங்கள் அரங்கிலேயே செய்ய முடியும் என்பதுதான் என் முதல் வேண்டுகோள்.

பெயர்க் குழப்பம் கீழாநெல்லியோடு நிற்பதில்லை. நிலவேம்பைச் சிறியாநங்கை என்பவர்கள் உண்டு. அந்தப் பெயரில் வேறொரு செடியைக் காட்டுகிறவர்களும் உண்டு. நிலவேம்புக் குடிநீரில் சேரும் ஒன்பது சரக்குகளில் ஒன்று பற்படாகம். அந்தப் பெயரில் நம் சித்த மருத்துவர்கள் எடுக்கும் செடி வேறு, கேரள வைத்தியர்கள் எடுப்பது வேறு, வடக்கே எடுப்பது இன்னொன்று. நெல்லில் பெயர் மாறினால் சோற்றின் ருசிதான் மாறும். மருந்தில் பெயர் மாறினால் உடம்புக்குள் போவதே வேறு பொருள். ஆகவே பொட்டலத்தில் ஊர்ப்பெயரோடு தாவரவியல் பெயரையும் எழுதுங்கள். எந்த ஊரில், எந்த மாதம் எடுத்த விதை, செடியைப் பார்த்துச் சொன்னது யார் என்பதும் இருக்கட்டும். சந்தேகம் வந்தால் பூவும் காயுமாக ஒரு கிளையை அழுத்திக் காயவைத்துக் கேட்பதற்கு நம்மிடம் இடங்கள் இருக்கின்றன. பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரி, கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம், திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினட் தாவர சேகரிப்பு.

அடுத்து, இந்த மடலை எழுத வைத்த முக்கியமான விஷயம்.

2018 டிசம்பரில் மறைந்த நெல் ஜெயராமன் அவர்கள், திருத்துறைப்பூண்டி ஆதிரெங்கத்தில் நடத்திய நெல் திருவிழாவில் 2 கிலோ விதைநெல் கொடுத்து, அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பி வாங்கினார். அந்த ஒரு ஏற்பாட்டில்தான் எத்தனையோ பாரம்பரிய ரகங்கள் மறுபடி வயலுக்கு வந்தன. மூலிகைக்கும் அதையே செய்யலாமே என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. நெல்லில் நாம் சாப்பிடுவதே விதையைத்தான். அறுவடை செய்தாலே விதை கைக்கு வந்துவிடும். நிலவேம்பும் கீழாநெல்லியும் சமூலமாக, அதாவது வேரோடு பிடுங்கி, மருந்துக்குப் போகிறவை. நிலவேம்பைப் பூ எடுக்கும் பருவத்தில் அறுத்தால்தான் கசப்புச் சத்து நிறைவாக இருக்கும். அப்படி அறுத்துவிட்டால் விதை ஏது? டெங்கு வருடங்களில் ஊரெல்லாம் நிலவேம்புக் குடிநீர் காய்ச்சிக் கொடுத்தார்கள். தரிசிலும் கரையோரத்திலும் தானாக முளைத்தது பூவும் பிஞ்சுமாகவே மூட்டை கட்டப்பட்டதை எங்கள் பக்கத்தில் நான் பார்த்தேன். அடுத்த மழைக்கு அந்த இடத்தில் முளைக்க ஒன்றும் மிச்சமில்லை.

எனவே மூலிகையில் விதைக்கென்று யாராவது செடியை விட்டுவைத்தே ஆக வேண்டும். பாத்திக்குப் பத்துச் செடி போதும். உங்களிடம் விதை வாங்குகிறவர் அதற்கு ஒப்புக்கொண்டு வாங்கட்டும். ஒரு கரண்டி வாங்கினால் அடுத்த வருடம் இரண்டு கரண்டி. காப்புக்காட்டுக்குள் போய் அள்ளிவந்த விதையை மட்டும் மேசையில் ஏற்றாதீர்கள். அது சட்டப்படியும் குற்றம்.

விதை எடுப்பதும் லேசான வேலை இல்லை. நிலவேம்பின் காய் மெல்லிசாக நீண்டிருக்கும். முற்றிக் காய்ந்தால் பட்டென்று இரண்டாக வெடித்து விதையைச் சிதறடித்துவிடும். பழுப்பு நிறம் ஏறும்போதே கொத்தை அறுத்து, பருத்தித் துணிப்பையில் போட்டு வாயைக் கட்டி நிழலில் தொங்கவிடுவேன். இரண்டு நாள் கழித்து மத்தியான வேளையில் பக்கத்தில் உட்கார்ந்தால் பைக்குள் படபடவென்று காய் வெடிப்பது கேட்கும். முதல் வருடம் அப்படி எடுத்த விதையைத் தை மாதமே ஆசையாக விதைத்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. சரி, கெட்டுப்போன விதை போலிருக்கிறது என்று மிச்சத்தை டப்பாவில் போட்டு மறந்துவிட்டேன். ஆடி மழைக்குத் தூவிப் பார்த்தால் பாத்தி முழுக்கப் பச்சை! புது நிலவேம்பு விதைக்கு ஐந்தாறு மாதத் தூக்கம் உண்டு என்பது அப்புறம்தான் தெரிந்தது. சிறுகுறிஞ்சான் இதற்கு நேர்மாறு. பஞ்சு கட்டிய அந்த விதை சீக்கிரம் உயிரை இழந்துவிடும், எடுத்த சூட்டோடு விதைக்க வேண்டும். இரண்டையும் ஒரே மாதிரிப் பொட்டலம் கட்டி, எடுத்த தேதி போடாமல் விற்றால், வாங்குகிறவருக்கு முளைக்காத பாத்திதான் மிஞ்சும். ஒரு தடவை தோற்றவர் மறு தடவை மூலிகை மேசைப் பக்கமே வர மாட்டார்.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. குன்றிமணி, ஊமத்தை, செங்காந்தள் விதைகள் திறந்த தட்டில் அழகுக்காக வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். குழந்தைகள் குன்றிமணியைக் கையில் அள்ளி விளையாடுகிறார்கள். மூன்றுமே விஷம். செங்காந்தள் நம் மாநிலப் பூ. வேதாரண்யம், மூலனூர் பக்கம் அதன் விதைக்காகவே சாகுபடி செய்கிறார்கள். கீல்வாத மருந்தான கோல்சிசின் அதிலிருந்தும் எடுக்கப்படுகிறது. ஆனால் அளவு தவறினால் அதே பொருள் ஆளைக் கொன்றுவிடும். இவற்றை மூடிய கண்ணாடிச் சீசாவில் வைத்து, ‘விஷம்’ என்று பெரிதாக எழுதுங்கள். அதேபோல, விதைக் கடையில் பூஞ்சணக்கொல்லி கலந்து சாயம் ஏற்றிய வெந்தயத்தையோ கொத்தமல்லியையோ மருந்துக்கு எடுத்துவிடக் கூடாது என்றும் சொல்லிக்கொடுங்கள்.

பொட்டலத்தில் ‘சர்க்கரை நோய் தீரும்’, ‘மஞ்சள் காமாலை ஓடிப்போகும்’ என்று எழுதவும் வேண்டாம். என் பாட்டி கீழாநெல்லியை மோரில் அரைத்துக் கொடுத்து வளர்ந்தவன்தான் நான். ஆனாலும் காமாலைக்குக் காரணம் பல. கண் மஞ்சளானால் முதலில் ரத்தப் பரிசோதனை, மருத்துவர், அதற்கப்புறம்தான் செடி. விதைப் பொட்டலம் வைத்தியம் சொல்ல வேண்டியதில்லை, செடி எது என்று சரியாகச் சொன்னால் போதும்.

அடுத்த திருவிழாவில் எனக்குப் பாதி மேசை கொடுங்கள். இந்தத் தையில் எடுத்த நிலவேம்பு விதை, ஆடியில் விதைக்க ஐம்பது வீட்டுக்குக் காணும். லென்ஸில் பார்த்துப் பிரித்த கீழாநெல்லியும் கொஞ்சம் இருக்கிறது. கைலென்ஸும், அழுத்திக் காயவைத்த கிளைகளும் நானே கொண்டுவருகிறேன். அந்தச் சித்த மருத்துவரும் ஒரு நாள் வந்து உட்காரச் சம்மதித்திருக்கிறார். யாருக்கு எத்தனை கரண்டி கொடுத்தோம் என்று எழுதிவைக்க ஒரு நோட்டு மட்டும் உங்கள் தரப்பிலிருந்து வேண்டும், அடுத்த வருடம் திருப்பி வாங்க வேண்டும் அல்லவா?

அன்புடன்,
உங்கள் திருவிழாக்களில் விதை வாங்கி வளர்ந்த ஒரு தோட்டக்காரன்