கெடு வைத்து வந்த பணம்

மாசசூசெட்ஸ்,
12 அக்டோபர் 2024

அன்புள்ள மங்கைக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் சென்ற செவ்வாய்க்கிழமை கிடைத்தது. பள்ளி முடிந்து வந்தவள், காலணியைக்கூடக் கழற்றாமல் சமையலறை மேசையில் உட்கார்ந்து படித்து முடித்தேன். பேத்திக்குப் பெயர் சூட்டிய செய்தி மகிழ்ச்சி தந்தது. முழங்கால் வலிக்கு எண்ணெய் தேய்த்தே காலத்தைக் கடத்துகிறாய் என்று தெரிகிறது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் மருத்துவரைப் பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தவள், தனக்கென்று வரும்போது இப்படித்தான் இருப்பாய் என்று எனக்குத் தெரியாதா?

கடிதத்தில் என் மனத்தில் தைத்தது உன் அண்ணன் மகளைப் பற்றிய பத்திதான். 2020இல் கொரோனாவுக்காகத் தமிழ்நாட்டில் ஒப்பந்த அடிப்படையில் அவசரமாக எடுக்கப்பட்ட செவிலியரில் 2,000 பேருக்கு மேல் 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு பணியிழந்ததையும், அவர்கள் வீதிக்கு வந்து போராடியதையும் அப்போதே செய்தியில் படித்திருந்தேன்; அவளும் அவர்களில் ஒருத்தி என்பது இப்போதுதான் தெரிகிறது. "உங்கள் ஊரில் இப்படி நடக்குமா? பணக்கார நாடாயிற்றே" என்று கேட்டிருக்கிறாய். நடக்கும், மங்கை. என் கண்ணெதிரே நடந்தது. அதை உனக்கு விவரமாக எழுதவேண்டும் என்று தோன்றியது.

எங்கள் தொடக்கப் பள்ளியில் ஏறத்தாழ 600 பிள்ளைகள் படிக்கிறார்கள். இருபது ஆண்டுகளாக நான் ஒருத்திதான் செவிலியர். 2021 நவம்பரில் எனக்குத் துணையாக இரண்டாவது செவிலியர் ஒருவர் வந்தார். இந்த ஆண்டு ஜூன் மாதத்தோடு அவருடைய பணியிடம் இல்லாமற்போனது. அவர் வேலையில் யாரும் குறை சொல்லவில்லை. பிள்ளைகளின் எண்ணிக்கையும் குறையவில்லை. அவருடைய சம்பளம் வாஷிங்டனிலிருந்து வந்த கொரோனா நிவாரணப் பணத்தில் கொடுக்கப்பட்டது, அந்தப் பணத்துக்கு 2024 செப்டம்பர் 30 என்று கெடு வைத்திருந்தார்கள். காரணம் அவ்வளவுதான்.

நீ நடமாடும் மருத்துவக் குழுவோடு பள்ளி பள்ளியாகப் போனவள். பிறவிக் குறைபாடு, சத்துக்குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் என்று பார்த்து, மேல்சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்கு வண்டி ஏறுவாய். இங்கே நாள் முழுவதும் பள்ளியிலேயே இருப்பதுதான் என் வேலை. முதல் வகை நீரிழிவுள்ள பிள்ளை மதியச் சாப்பாட்டுக்கு முன் என் அறைக்கு வந்து, அன்றைய உணவில் மாவுச்சத்து எவ்வளவு என்று என்னோடு கணக்கிட்டு இன்சுலின் போட்டுக்கொண்டு போகும். வலிப்புள்ள பிள்ளைக்கும், ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கும், வேர்க்கடலை பட்டாலே தொண்டை வீங்கும் பிள்ளைக்கும் மருந்து என் அலமாரியில்தான் இருக்கிறது. இவை தவிர, திங்கட்கிழமை தோறும் வயிற்றுவலி என்று வரும் பிள்ளைகள் உண்டு. அந்த வலிக்கு மருந்து வயிற்றில் இல்லை என்பது உனக்கும் தெரியும்.

அமெரிக்கப் பள்ளி என்றாலே செவிலியர் இருப்பார் என்று எண்ணிவிடாதே. கொரோனாவுக்கு முன்பு, 2018இல் வெளியான தேசிய ஆய்வு ஒன்றின்படி, ஏறத்தாழ நான்கில் ஒரு பள்ளியில் செவிலியரே இல்லை. முழுநேரச் செவிலியர் இருந்த பள்ளிகள் 40 விழுக்காட்டைத் தொடவில்லை. ஒவ்வொரு பள்ளிக் கட்டடத்திலும் ஒருவர் இருக்கவேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016இலேயே சொல்லிவிட்டது. அதைப் படித்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள், வரவுசெலவுத் திட்டத்தில் மட்டும் யாரும் எழுதவில்லை. பெருந்தொற்று வந்தபோது நாங்கள் இருந்த நிலை இது.

துணைக்கு ஆள் வருமுன், 2021 அக்டோபரில் ஒரு நாளை மட்டும் சொல்கிறேன். அப்போது மாசசூசெட்ஸில் கூட்டுப் பரிசோதனை என்று ஒன்று நடந்தது. பல பிள்ளைகளின் மூக்கில் துடைத்த குச்சிகளை ஒரே குழாயில் இட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவோம். குழாயில் தொற்று தெரிந்தால் அந்தப் பிள்ளைகளை ஒவ்வொருவராகச் சோதிக்கவேண்டும். அன்று இரண்டாம் வகுப்புக் குழாய் ஒன்றில் தொற்று. அதே நேரம், காய்ச்சலோடு வந்த ஒரு பையனை விளையாட்டுச் சாமான் அறையில் தனியாக உட்கார வைத்திருந்தேன். பந்துக் கூடைகளைச் சுவரோரம் தள்ளி, ஒரு கட்டிலும் காற்று வடிகட்டியும் வைத்து அதைத்தான் தனிமை அறை ஆக்கியிருந்தோம். நான் அங்கி, கையுறை, இரட்டை முகக்கவசத்தோடு அவன் பக்கத்தில் நின்றபோது, தரையில் ஒட்டியிருந்த மஞ்சள் நாடாவுக்கு அப்பால் நீரிழிவுள்ள சிறுமி ஒருத்தி வந்து நின்றாள். கையில் இருந்த கருவி பீப் என்று கத்திக்கொண்டிருந்தது. சர்க்கரை 62க்கு இறங்கியிருந்தது. முகம் வெளுத்து, உதட்டின் மேல் வியர்வை அரும்பியிருந்தது. வெளியே போக அங்கியைக் கழற்றவேண்டும், கழற்ற மூன்று நிமிடமாவது ஆகும். அலுவலக எழுத்தரைக் கூவி அழைத்து, "குளிர்பெட்டி, இரண்டாம் தட்டு, ஆப்பிள் சாறு" என்று கத்தினேன். அவர் ஓடிவந்து கொடுத்தார். அந்தக் குழந்தை சாற்றை உறிஞ்சிக்கொண்டே என்னைப் பார்த்து, "நீங்கள் அவனைப் பாருங்கள், நான் பரவாயில்லை" என்றது. எட்டு வயது, மங்கை! கால் மணி நேரத்தில் 90க்கு ஏறியது. அன்று இரவு ஒன்பது மணி வரை நாற்பது வீடுகளுக்கு மேல் தொலைபேசியில் அழைத்தேன். பாதிப் பேர் நன்றி சொன்னார்கள், மீதிப் பேரில் சிலர் சொன்னதைக் கடிதத்தில் எழுத முடியாது.

எனக்கு மட்டும் நேர்ந்தது என்று நினைத்திருந்தேன். 2022 மார்ச்சில் அமெரிக்க அரசின் நோய்க்கட்டுப்பாட்டு மையமும் பள்ளிச் செவிலியர் சங்கமும் சேர்ந்து நாடு முழுவதும் பள்ளிச் செவிலியரிடம் கேட்டபோது, பதில் சொன்னவர்களில் 45 விழுக்காட்டினருக்கு மனநலப் பாதிப்பின் அறிகுறி ஒன்றாவது இருந்தது தெரியவந்தது. அதற்குப் பிறகு எங்களுக்கு யோகா வகுப்பு வைத்தார்கள். நம் ஊர்ச் சரக்கை எனக்கே கற்றுக்கொடுத்தார்கள் என்று வீட்டில் சிரித்தோம். எனக்கு வேண்டியிருந்தது இன்னும் இரண்டு கைகள்.

இனிப் பணத்துக்கு வருகிறேன். 2020 மார்ச், 2020 டிசம்பர், 2021 மார்ச் என்று மூன்று சட்டங்களின் வழியே பள்ளிகளுக்கு வந்த அவசர நிதி மொத்தம் ஏறத்தாழ 19,000 கோடி டாலர். அதன் பெரும்பகுதி, 12,200 கோடி, மூன்றாவது சட்டத்தில் வந்தது. 2021 மே மாதம், பொதுச் சுகாதாரப் பணியாளர்களுக்கென்று வெள்ளை மாளிகை அறிவித்த தொகையில் பள்ளிச் செவிலியரை நியமிக்க மட்டும் 50 கோடி டாலர் ஒதுக்கினார்கள். ஆகவே பணம் வரவில்லை என்று நான் சொல்லமாட்டேன். சக செவிலியர் சிலர் அப்படிப் பேசும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. வந்தது, பெருமழையாக வந்தது. ஏரியில் தேங்காமல் ஓடிப்போனதுதான் குறை.

ஏன் ஓடிப்போனது என்பதைப் பள்ளி நிர்வாகத்தின் பக்கத்திலிருந்தும் பார்க்கவேண்டும். எங்கள் ஊர்ப் பள்ளிக்குப் பெரும்பகுதி பணம் வீட்டு வரியிலிருந்து வருகிறது. 1980இல் இந்த மாநில மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த சட்டம் ஒன்றின்படி, ஓர் ஊர் வசூலிக்கும் மொத்தச் சொத்து வரியை ஆண்டுக்கு 2.5 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்தக்கூடாது. புதிய கட்டடங்களின் வரி இதில் சேராது. அதற்கும் மேல் வேண்டுமென்றால் ஊர் மக்களிடம் தனியாக வாக்குக் கேட்கவேண்டும். விலைவாசியும் மருத்துவக் காப்பீடும் அதைவிட வேகமாக ஏறும்போது, புதிதாக ஒரு நிரந்தரச் சம்பளத்தைச் சேர்க்க பள்ளிகளை நிர்வகிக்கும் எந்தக் கண்காணிப்பாளருக்கும் கை நடுங்கும். "ஒருமுறை வரும் பணத்தை மாதாமாதம் வரும் செலவில் போடாதே" என்று எங்கள் நிதிக் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். தீபாவளி போனசை நம்பி வீட்டு வாடகையைக் கூட்டிக்கொள்ளக்கூடாது என்று உன் அம்மா சொல்வாரே, அதே கணக்கு. அதனால் மடிக்கணினியும் காற்று வடிகட்டியும் வாங்கினார்கள். அவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காற்று வடிகட்டி என் தனிமை அறையிலும் ஓடியது. ஆனால் அது தொலைபேசியில் பேசாது, சர்க்கரை இறங்கிய பிள்ளையின் முகம் வெளுத்ததைப் பார்க்காது.

செவிலியரை எடுக்க முடிவு செய்தபோதும் ஓராண்டு ஒப்பந்தம் என்றே விளம்பரம் வந்தது. மருத்துவமனைகள் அப்போது ஊர் ஊராகச் செல்லும் ஒப்பந்தச் செவிலியருக்கு அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தன. அடுத்த ஆண்டு இருக்குமா என்று தெரியாத பள்ளி வேலைக்கு யார் வருவார்கள்? முதல் விளம்பரத்துக்கு ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை. பல மாதங்கள் கடந்து, ஒரு முகவர் நிறுவனத்தின் வழியே, கூடுதல் விலைக்கு, நவம்பரில்தான் ஆள் கிடைத்தார். அவர் எங்கள் பிள்ளைகளின் பெயர்களைக் கற்றுக்கொள்ள ஓராண்டு ஆனது. எந்த வீட்டில் யார் பொறுப்பு, எந்தப் பாட்டியிடம் எந்த மொழியில் பேசவேண்டும் என்று அறிய இன்னொரு ஆண்டு. மூன்றாம் ஆண்டில்தான் அவர் உண்மையில் எங்கள் செவிலியரானார். அந்த ஆண்டோடு அனுப்பிவிட்டோம்.

அமெரிக்காவின் முதல் பள்ளிச் செவிலியர் பணியிடமும் இப்படித் தற்காலிகமாகத் தொடங்கியதுதான் என்று அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. 1902இல் நியூயார்க்கில் மருத்துவர்கள் பள்ளிகளைப் பார்வையிட்டு, கண்நோய், சிரங்கு, படர்தாமரை, பேன் என்று கண்ட பிள்ளைகளையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குப் போன பிள்ளைகளுக்கு மருத்துவம் பார்க்க ஆளில்லை, தெருவில் மற்ற பிள்ளைகளோடு விளையாடி நோயைப் பரப்பின. ஹென்றி ஸ்ட்ரீட் செட்டில்மென்ட் என்ற சேவை இல்லத்தை நடத்திய லில்லியன் வால்ட், தம் செவிலியர்களில் ஒருவரான லினா ராஜர்ஸை ஒரு மாதத்துக்கு மட்டும் நகரத்துக்குக் கடனாகக் கொடுத்தார். நான்கு பள்ளிகள். அவர் பள்ளியிலேயே புண்ணைக் கழுவி மருந்திட்டார், வீட்டுக்குப் போய்த் தாயிடம் செய்முறையைக் காட்டினார். மாதம் முடிந்ததும் நகரச் சுகாதாரத் துறை அவரைத் தன் சம்பளப் பட்டியலில் சேர்த்துக்கொண்டு, மேலும் செவிலியர்களை நியமித்தது. ஓராண்டுக்குள், நோய் காரணமாக வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 90 விழுக்காடு குறைந்தது. அன்று ஒரு மாதச் சோதனையை நிலையான பணியாக்கினார்கள். நாங்கள் மூன்றாண்டு வேலையைச் சோதனை என்று சொல்லி மூடிவிட்டோம்.

அதே நியூயார்க்கில், 2009 ஏப்ரலில், குயின்ஸ் பகுதியிலுள்ள செயின்ட் பிரான்சிஸ் பிரிப்பரட்டரி பள்ளியின் செவிலியர், காய்ச்சலோடு வரிசையில் நின்ற மாணவர்களைப் பார்த்த உடனே நகரச் சுகாதாரத் துறையைத் தொலைபேசியில் அழைத்தார். பன்றிக் காய்ச்சல் அந்நகரில் பரவியிருப்பது அப்படித்தான் வெளிப்பட்டது. வழக்கமாக ஒரு நாளில் எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்று அறிந்தவருக்குத்தான் அன்றைய கூட்டம் வழக்கமில்லாதது என்று தெரியும். தொற்று வந்த பிறகு நியமிக்கப்படுபவருக்கு அந்தக் கணக்கு எப்படித் தெரியும்?

பணத்தை எண்ணுகிறவர்களுக்கும் என்னிடம் பதில் உண்டு. எங்கள் மாநிலத்தில் 2009–10 கல்வியாண்டின் பள்ளிச் செவிலியர் திட்டம் ஒன்றை ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட கணக்கில், செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் 2.20 டாலர் மிச்சம் என்று வந்தது. அந்த மிச்சத்தில் பெரும்பங்கு மருத்துவச் செலவில் இல்லை, ஆசிரியரின் நேரத்தில் இருந்தது. செவிலியர் இல்லாத பள்ளியில் அந்த வேலையை ஆசிரியர்தான் பாடத்தை நிறுத்திவிட்டுச் செய்யவேண்டும். அடுத்த பங்கு, வேலையை விட்டு ஓடிவரும் பெற்றோரின் நேரம். இவை எந்த வரவுசெலவு ஏட்டிலும் வரவாக ஏறுவதில்லை. ஏழைப் பிள்ளைகளுக்கான மெடிக்கெய்டு காப்பீட்டிலிருந்து நான் செய்யும் பணிக்குத் திரும்பப் பெறும் தொகை உண்டு. அதற்கான படிவங்களை நான்தான் நிரப்புகிறேன். பணமோ பள்ளிக்கு வராமல் ஊரின் பொதுக் கணக்கில் விழுகிறது. சாலைப் பள்ளத்தை நிரப்பவும் அது போகலாம்.

டிசம்பரில் பள்ளிக் குழு அடுத்த ஆண்டுக் கணக்கைப் பேசத் தொடங்கும். ஆசிரியருக்கு இருப்பதுபோல, இத்தனை பிள்ளைகளுக்கு இத்தனை செவிலியர் என்று நிரந்தரப் பணியிடமாக, ஊர் வரியிலேயே எழுதவேண்டும் என்று கேட்கப்போகிறேன். தோற்கலாம், ஆனாலும் வெறுங்கையோடு போக விருப்பமில்லை. இந்த மாதம் முதல், என் அறைக்கு வந்த ஒவ்வொரு பிள்ளையும் வகுப்புக்குத் திரும்பியதா, வீட்டுக்குப் போனதா, வந்தபோது நான் வேறு பிள்ளையிடம் இருந்தேனா, எத்தனை நிமிடம் காத்திருந்தது என்று எழுதிவருகிறேன். குறிப்பேடு அலங்கோலமாக இருக்கிறது. நடமாடும் குழுவில் நீ கோடு போட்டு வைத்திருந்த பெரிய பதிவேட்டை எனக்கு ஒருமுறை காட்டினாயே, ஒரே பக்கத்தில் ஒரு பள்ளி முழுவதும் தெரியும்படி? அதில் என்னென்ன தலைப்புகள் வைத்திருந்தாய் என்று அடுத்த கடிதத்தில் எழுது. முடிந்தால் ஒரு பக்கத்தைப் படம் பிடித்து, பிள்ளைகளின் பெயரை மறைத்துவிட்டு, வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல் உன் மகனிடம். உன் அண்ணன் மகளுக்கு என் அன்பைச் சொல். ஜனவரியில் வரும்போது அவளை நேரில் பார்க்கவேண்டும்.

என்றும் அன்புடன்,
வசந்தா