90 நாள் வேலைக்குப் போகிறவரின் காகிதத்தை, பணம் கட்டும் முன்பே பார்த்துச் சொல்ல ஒரு மேசை வேண்டும்

மதிப்பிற்குரிய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சித் தலைவர்களுக்கும், இரு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்களுக்கும்,

வணக்கம். பாஸ்போர்ட், விசா படிவங்கள் நிரப்பித் தருகிறவர்கள், ஐ.டி.ஐ.யில் வெல்டிங்கும் ஃபிட்டிங்கும் கற்றுக்கொடுப்பவர்கள், வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் என நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தில் வாரம் ஒரு நாள், வெளிநாட்டு வேலைக் காகிதத்தைப் பணம் கட்டும் முன்பே சரிபார்த்துச் சொல்ல ஒரு மேசை வேண்டும். அது ஏன் வேண்டும் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

அரூர், பென்னாகரம், ஊத்தங்கரை, பர்கூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இப்போது அதிகம் காட்டப்படுவது இரண்டு வருட வேலை அல்ல, ‘ஷட்டவுன்’ வேலை. சுத்திகரிப்பு ஆலையைப் பராமரிப்புக்காக நிறுத்தும்போது வெல்டர், பைப் ஃபிட்டர், ரிக்கர் (கனமான பொருளைக் கட்டித் தூக்குகிறவர்), சாரம் கட்டுகிறவர், கிரைண்டர், ஹெல்பர் என்று கூட்டமாக ஆள் எடுப்பார்கள். 45 நாளோ 90 நாளோ வேலை, முடிந்ததும் ஊர். குறுகிய காலம் என்பதால் ஆபத்தும் குறைவு என்று குடும்பங்கள் நினைக்கின்றன. உண்மை நேர் எதிர். இரண்டு வருட வேலையில் முதல் ஆறு மாதம் கடனுக்குப் போனாலும் மீதி ஒன்றரை வருடம் கையில் இருக்கும். 90 நாள் வேலையில் தப்பைச் சரிசெய்ய நாளே கிடையாது.

கணக்கைப் பாருங்கள். ஓவர்டைம் சேர்த்து மாதம் 2,000 ரியால் என்றால் மூன்று மாதத்துக்கு 6,000 ரியால். ரியாலுக்கு 23 ரூபாய் வைத்தால் 1,38,000 ரூபாய். இதற்கு ஏஜென்ட் 1,20,000 ரூபாய் வாங்கிக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதை மூன்று வட்டிக்கு எடுத்தால் மாதம் 3,600. விசாவுக்குக் காத்திருக்கும் ஒரு மாதத்தையும் சேர்த்து நான்கு மாதத்துக்கு 14,400. மிஞ்சுவது 3,600 ரூபாய். மூன்று மாதம், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் தீயின் முன் நின்றதற்கு அவ்வளவுதான். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு அரசு விதித்த உச்ச வரம்பு 30,000 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 35,400. அதையே வட்டிக்கு எடுத்துக் கட்டினாலும் வீட்டுக்கு 98,000 ரூபாய்க்கு மேல் வரும். சட்டப்படியான கட்டணத்துக்கும் சட்டத்துக்குப் புறம்பான கட்டணத்துக்கும் இடையில்தான் ஒரு குடும்பத்தின் மொத்த லாபமும் இருக்கிறது.

அடுத்தது விசாவின் பெயர். சவூதிக்கு 90 நாள் தற்காலிக வேலை விசா என்று தனியாகவே உண்டு. ஆனால் ஊரில் ‘ஷட்டவுன் விசா’ என்று நீட்டப்படுவது பல நேரம் வணிக வருகை விசா. அதில் பேச்சுவார்த்தைக்குப் போகலாம், கூலி வேலை செய்ய உரிமை கிடையாது. மாட்டினால் நாடு கடத்துவார்கள். வேலையில் கை போனாலும் அந்த ஆள் அங்கே வேலை பார்த்தார் என்று காட்ட ஒரு தாள்கூட இருக்காது. குவைத்தில் தனியார் நிறுவன வேலைக்கு 18ஆம் நம்பர் விசா, வீட்டு வேலைக்கு 20ஆம் நம்பர். வீட்டு வேலைக்கான ‘காதிம் விசா’வில் ஆளை இறக்கிக் கடையில் நிறுத்துவது பழைய பழக்கம். ‘ஃப்ரீ விசா’, ‘ஆசாத் விசா’ என்று எந்த நாட்டுச் சட்டத்திலும் கிடையாது. ஒரு கஃபீலின், அதாவது விசா தரும் முதலாளியின், பெயரில் விசா எடுத்து வேறொருவரிடம் வேலை பார்க்கச் சொல்வதற்கு ஊரில் வைத்த பெயர் அது. காகிதம் அரபியில் இருப்பதால் ‘வெல்டர்’ என்று சொன்ன இடத்தில் ‘ஆமில்’, அதாவது கூலியாள், என்று எழுதியிருப்பதும் போன பிறகுதான் தெரியவருகிறது.

பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்ற குறிப்பு இருக்கிறதா என்பதை எங்களிடம் வருகிற பலரும் பார்த்திருப்பதே இல்லை. பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் ‘குடிபெயர்வுச் சோதனை தேவை’ என்று அச்சிடப்படும். அவர்கள் சவூதி, அமீரகம், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தின் அனுமதி வேண்டும். மத்திய அரசின் குடிபெயர்வு இணையதளமான இமைக்ரேட்டில் ஒப்பந்தமும் விசாவும் ஏற்றப்பட்டுத்தான் அது வரும். சுற்றிப் பார்க்கப் போவதாகச் சொன்னால் இந்த அனுமதி தேவையில்லை. அந்தச் சந்து வழியாகத்தான் ஆட்கள் அனுப்பப்படுகிறார்கள். பெங்களூரு தேவனஹள்ளி விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி இரண்டு கேள்வி கேட்டதும் பதில் தடுமாறி, பெட்டியோடு திரும்பி வருகிறவர்களுக்கு டிக்கெட் பணமும் போகும், கட்டிய பணமும் போகும்.

இதில் ஐ.டி.ஐ. முதல்வர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேறாவிட்டாலும், தேசிய அல்லது மாநிலத் தொழிற்பயிற்சிக் குழுமம் ஏற்ற இரண்டு வருடச் சான்றிதழ் இருந்தால் ஈ.சி.ஆர். விலக்கு உண்டு. ஆனால் வெல்டர் பயிற்சி ஒரு வருடம்தான். எட்டாம் வகுப்போடு சேரலாம். ஆக, வெளிநாட்டில் அதிகம் கேட்கப்படும் தொழிலைப் படித்த பிள்ளைதான் ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்டோடு நிற்கிறான். அவனைத் தனித் தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுத வைத்தால் அந்தத் தடை நீங்கும். பத்தாம் வகுப்புத் தேறியும், விண்ணப்பிக்கும்போது மதிப்பெண் சான்றை இணைக்காததால் ஈ.சி.ஆர். வாங்கியவர்களும் நிறைய. 1,500 ரூபாய் கட்டி மறு வெளியீடு கேட்டால் அது நீங்கும். விசா வந்த பிறகு இதைச் செய்ய முடியாது. பாஸ்போர்ட் எண்ணே மாறிவிடும், பழைய எண்ணில் வந்த விசா வீணாகும்.

பெயர்ச் சிக்கல் நம் ஊருக்கே உரியது. பள்ளிச் சான்றில் ‘ம. முருகன்’, ஆதாரில் ‘முருகன் ம’, பாஸ்போர்ட்டில் ‘முருகன்’ மட்டும், குடும்பப் பெயர் இடம் காலி. ஒற்றைச் சொல் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டை ஏற்பதில்லை என்று அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. தந்தை பெயர் உள்பக்கத்தில் இருந்தால் ஏற்கலாம் என்று பிறகு தளர்த்தியது. முதல் விண்ணப்பத்திலேயே தலைப்பெழுத்தை விரித்து, தந்தை பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் எழுதிவிட்டால் பின்னால் வரும் அலைச்சலில் பாதி வராது. சான்றிதழ் மேலொப்பத்திலும் இதே எழுத்துதான் பார்க்கப்படும். ஒரு நாட்டின் சான்றொப்பத்தை மறு நாடு தூதரக முத்திரை இல்லாமலே ஏற்கும் அப்போஸ்டில் உடன்படிக்கைக்குள் சவூதி 2022 டிசம்பரில் வந்ததால் வெளியுறவுத் துறையின் அப்போஸ்டில் முத்திரை அங்கே போதும். அமீரகத்துக்கும் கத்தாருக்கும் இன்னும் தூதரகச் சான்றொப்பம் வேண்டும்.

மருத்துவச் சோதனையைக் கடைசிக்கு வைப்பதும் பணத்தைக் கரைக்கும். வளைகுடா நாடுகளுக்கான சோதனையை வாஃபித் தளத்தில் பதிந்து, அது ஒதுக்கும் மையத்தில்தான் செய்ய வேண்டும். எப்போதோ வந்து குணமான காசநோயின் தழும்பு எக்ஸ்ரேயில் தெரிந்தால்கூட ‘தகுதியில்லை’ என்று எழுதுவார்கள். மஞ்சள் காமாலை ‘பி’ கிருமி இருந்தாலும் அப்படியே. எனவே முகவரிடம் ஒரு ரூபாய் கொடுக்கும் முன், தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மார்பு எக்ஸ்ரேயும் அந்த ரத்தச் சோதனையும் செய்துகொள்ளச் சொல்கிறோம். இதற்கு ஒரு காலைப் பொழுது போதும். ‘மெடிக்கல்ல பார்த்துக்கலாம், ஆள் இருக்காங்க’ என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிட வேண்டும்.

இனி ஒப்பந்தம். குறுகிய கால வேலையில் சம்பளத் தொகையைவிட, நாளை எங்கிருந்து எண்ணுகிறார்கள் என்பது பெரிது. விமானம் இறங்கிய பிறகு கேட் பாஸ், பாதுகாப்பு வகுப்பு, ஆலை மருத்துவம் என்று ஒரு வாரம் பத்து நாள் போய்விடும். ‘பணியில் சேர்ந்த நாள் முதல்’ என்று ஒப்பந்தம் சொன்னால் அந்த நாட்களுக்குக் கூலி கிடையாது. விசாவின் 90 நாளோ இறங்கிய அன்றே ஓடத் தொடங்கிவிடும். வேலை இல்லாமல் முகாமில் உட்கார வைக்கும் நாளுக்குச் சம்பளம் உண்டா? கடைசி மாதச் சம்பளம் விமானம் ஏறும் முன் கைக்கு வருமா? ‘ஊருக்குப் போங்க, பேங்க்ல போட்டுவிடறோம்’ என்று சொல்லி நிறுத்தப்படுவது அந்தக் கடைசி மாதம்தான், மொத்த வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு. திரும்பும் டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு யார் பொறுப்பு? சவூதிச் சட்டப்படி நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் செய்யும் வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி. அது சொன்ன சம்பளத்துக்குள் அடக்கமா, தனியா? இவை அத்தனையும் எழுத்தில் இருக்க வேண்டும். கத்தாருக்குப் போகிறவர்கள் சென்னையில் உள்ள கத்தார் விசா மையத்திலேயே ஒப்பந்தத்தைப் படித்துக் கையெழுத்திடுகிறார்கள். அங்கே முகவர் சொன்னதும் தாளில் உள்ளதும் வேறாக இருந்தால் கையெழுத்துப் போடாமல் திரும்பலாம். அந்த உரிமை இருப்பதையே யாரும் அவர்களிடம் சொல்வதில்லை.

சிங்கப்பூர் ஈ.சி.ஆர். நாடு அல்ல. ஆனால் அங்கே முதலாளி விண்ணப்பித்து, மனிதவள அமைச்சகத்தின் முன் ஒப்புதல் கடிதம் வந்த பிறகே புறப்பட வேண்டும். அடிப்படைச் சம்பளம், பிடித்தம் எல்லாம் அதிலேயே இருக்கும். அமைச்சகத் தளத்தில் சரிபார்க்கலாம். 5,000 வெள்ளி பிணைத்தொகையும் வெளிநாட்டு ஆளுக்காக அரசுக்குக் கட்டும் மாதாந்திர லெவியும் முதலாளியின் செலவு, தொழிலாளியிடம் கேட்கக் கூடாது. மலேசியாவுக்கு இந்தியர்கள் 2023 டிசம்பர் முதல் 30 நாள் விசா இல்லாமல் போகலாம் என்பதே வலையாகிவிட்டது. ‘போய்ட்டு பெர்மிட் போட்டுக்கலாம்’ என்கிறார்கள். அங்கே தற்காலிக வேலை அனுமதியை முதலாளி முன்கூட்டியே பெற வேண்டும். பயணியாக இறங்கி மாற்றிக்கொள்ளும் வேலையல்ல அது. தாய்லாந்தில் ‘டேட்டா என்ட்ரி’ என்று சொல்லி அழைத்து, எல்லை தாண்டி மியான்மரிலும் கம்போடியாவிலும் இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்ட தமிழ்ப் பிள்ளைகளின் கதை தாங்கள் அறிந்ததே.

காவல் கண்காணிப்பாளர்கள் கவனத்துக்கு. ஏமாந்தவர் புகார் கொண்டு வந்தால் ‘இது கொடுக்கல் வாங்கல் தகராறு, கோர்ட்டில் பார்த்துக்கொள்’ என்று அனுப்பப்படுவது உண்டு. 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவுச் சான்று இல்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பதே குற்றம். அதற்காக விளம்பரம் செய்வதும் ஆள் சேர்ப்புதான் என்று அச்சட்டம் வரையறுக்கிறது. ஆகவே பேருந்து நிலையச் சுவரொட்டியும் வாட்ஸ்அப் அறிவிப்பும் அதற்குள் வரும். பிடியாணை இன்றிக் கைது செய்யக்கூடிய குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை. அபராதம் 2,000 ரூபாய் வரைதான் என்பது வருத்தத்துக்குரியது, அதை மாற்றுவது தங்கள் கையில் இல்லை. வழக்கு நடத்த மத்திய அரசின் முன் அனுமதி தேவை என்று 27ஆம் பிரிவு சொல்வதால் பலர் தயங்குகிறார்கள். பாதிக்கப்பட்டவரோ, அவருடைய பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளை, உடன்பிறந்தவரோ புகார் கொடுத்தால் அந்த அனுமதி தேவையில்லை என்று அதே பிரிவின் வரம்புரை சொல்கிறது. இதை எல்லா நிலையங்களுக்கும் ஒரு சுற்றறிக்கையாக அனுப்பினால் போதும். ஏமாற்றுதலுக்கான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவை அதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

மேசைக்கு வருவோம். அங்கே இருப்பவர் செய்ய வேண்டியது அதிகமில்லை. இமைக்ரேட் தளத்தைத் திறந்து, முகவரின் பதிவு இன்றும் செல்லுமா, இடைநிறுத்தத்தில் உள்ளதா, பதிவற்ற முகவர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஊரில் வந்து பணம் வாங்கும் ‘சப் ஏஜென்ட்’ அந்த முகவரின் பெயரைச் சொல்வதால் மட்டும் சட்டப்படி ஆகிவிட மாட்டார். பதிவு பெற்ற முகவர் லட்சக்கணக்கில் வங்கி உத்தரவாதம் கட்டியிருப்பார். சப் ஏஜென்டிடம் இருப்பது ஒரு செல்போன் எண். பிறகு விசாவின் வகை, தொழில் பெயர், பாஸ்போர்ட் எண், ஒப்பந்தத்தின் நாள் கணக்கு. ஈ.சி.ஆர். ஆக இருந்தால் பிரவாசி பாரதிய பீமா காப்பீடு எடுக்கச் சொல்ல வேண்டும்: இரண்டு வருடத்துக்கு பிரீமியம் 275 ரூபாய், விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ 10 லட்சம். 90 நாள் போகிறவருக்கும் அதே தொகைதான். பணத்தை வங்கி வழியாகக் கட்டி ரசீது வாங்கச் சொல்ல வேண்டும். பழகிய கைக்கு எல்லாம் சேர்த்து அரை மணி நேரம் ஆகும்.

தமிழ்நாடு அரசுக்கே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. அதன் ஆள்சேர்ப்பு அறிவிப்புகள் சென்னையில் நிற்காமல் அஞ்செட்டி, பாலக்கோடு வரை வர வேண்டும். ஊராட்சி அலுவலகப் பலகையில் அது இருந்தால், பக்கத்தில் ஒட்டியிருக்கும் சுவரொட்டியின் பலம் குறையும். இந்திய அரசின் 1800 11 3090 என்ற கட்டணமில்லா உதவி எண்ணும் அதே பலகையில் எழுதப்பட வேண்டும்.

வளைகுடாவில் வெயில் தணிந்த மாதங்களில்தான் ஷட்டவுன் வேலைகள் பெருகும். இங்கே ஆள் தேடுவது அதற்குச் சில மாதம் முன்பே, மாங்காய்ப் பருவம் முடிந்து கையில் வேலையில்லாமல் இருக்கும் நேரத்தில் தொடங்கிவிடுகிறது. மேசை அதற்கு முன் வேண்டும். மக்கள் குறைதீர்க்கும் நாளான திங்கட்கிழமையே வைத்தால், வெளியூரிலிருந்து மனுவோடு வருகிறவர்கள் அதே பயணத்தில் காகிதத்தையும் காட்டிவிட்டுப் போகலாம். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் எங்களில் இரண்டு பேர் ஊதியம் வாங்காமல் முதல் ஆறு மாதம் வந்து உட்காரவும், தங்கள் ஊழியருக்குக் கற்றுக்கொடுக்கவும் ஆயத்தமாக இருக்கிறோம். ஒரு மேசை, இணைய இணைப்புள்ள ஒரு கணினி, ‘சரிபார்க்கப்பட்டது’ என்று கையெழுத்திட அதிகாரம் உள்ள ஓர் அலுவலர் ஆகிய மூன்றையும் தாங்கள் தர வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
படிவம் நிரப்புவோர், ஐ.டி.ஐ. பயிற்றுநர்கள், வளைகுடா திரும்பிய தொழிலாளர்கள்
தருமபுரி – கிருஷ்ணகிரி