மனச கல்லாக்குறதுக்கா தியானம்?

ஆசிரியருக்கு வணக்கம்,

ஞாயிறு இணைப்புல விபஸ்ஸனாங்கிற பௌத்த தியான முறை பத்தி வந்த கட்டுரை படிச்சேன். எளிமையா எழுதியிருக்காங்க, ஆனா தியானம் பண்ணா கோபம் துக்கம் எல்லாம் அடங்கி மனசு சலனமே இல்லாம ஆயிடும்ங்கிற தொனி முழுக்க இருக்கு, இத நம்பி உக்கார்றவங்க முதல் நாள் எரிச்சல் வந்ததுமே நமக்கு இது சரிப்படாதுன்னு எழுந்து போயிடுவாங்க.

இந்த தியானத்துக்கு அடிப்படையான புத்தர் உபதேசம் சதிபட்டான சூத்திரம், அதுல கவனிக்கச் சொல்ற நாலு விஷயத்துல உடம்புக்கு அடுத்து வர்றதே உணர்வுதான். சுகமா இருக்கா, கஷ்டமா இருக்கா, ரெண்டும் இல்லாம சும்மா இருக்கா, அவ்ளோதான் பாக்கணும். கோபம் ஆசையெல்லாம் அதுக்கு அடுத்து, மனச கவனிக்கிற பகுதியில வருது, அங்கயும் கோபம் இருக்கும்போது கோபம் இருக்குன்னு தெரிஞ்சுக்கோன்னுதான் இருக்கே தவிர அடக்குன்னு இல்ல.

உணர்வுக்கு ஏன் இவ்ளோ முக்கியத்துவம்னா, ஸ்பரிசத்தால (புலன்ல ஏதாவது படுறதால) உணர்வு, உணர்வால வேட்கை, வேட்கையால பற்றுன்னு பௌத்தம் சொல்ற வரிசையில உணர்வு வர்றத யாராலயும் நிறுத்த முடியாது, ஆனா அது வேட்கையா மாறுறத நிறுத்த முடியும். யாரோ ஒரு வார்த்தை சொல்றாங்க, நெஞ்சுல சுருக்குங்குது, அடுத்த நொடியே மனசு பதிலடி தயார் பண்ணுது. அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற துளி இடத்துலதான் மொத்த பயிற்சியும்.

சல்லத்த சூத்திரத்துல புத்தர் ரெண்டு அம்பு பத்தி சொல்வார், உடம்பு வலி ஒரு அம்பு, அத நெனச்சு புலம்புறது ரெண்டாவது அம்பு, இது நிறைய பேருக்குத் தெரியும். அதே இடத்துல இன்னொன்னும் சொல்றார், வலியில இருந்து தப்பிக்க வேற வழி தெரியாததாலதான் மனுஷன் புலன் சுகத்தத் தேடி ஓடுறான்னு. மனசு சரியில்லன்னா கை தானா போனுக்குப் போகுதே, அது இதானே! முதல் அம்பு புத்தருக்கும் உண்டு, முதுகு வலிக்குது கொஞ்சம் படுக்கிறேன், நீ பேசுன்னு தன் சீடர் ஆனந்தர்கிட்ட சொன்னதா மஜ்ஜிம நிகாயங்கிற புத்தர் உபதேசத் தொகுப்புலயே இருக்கு.

இன்னொரு பக்கம், உடம்ப தலையில இருந்து கால் வரைக்கும் கவனிக்கிற, விபஸ்ஸனா ஆசிரியர் கோயங்கா சொல்லிக் கொடுத்த முறையில 10 நாள் முகாம் போய்ட்டு வர்றவங்க சிலர், எனக்கு உடம்பு முழுக்க ஜிவ்வுன்னு வந்துச்சு, உனக்கு வந்துச்சான்னு மார்க் போட்டுப் பேசிக்கிறாங்க. கோயங்காவே வேணாம்னு திரும்பத் திரும்ப சொன்னது இதத்தான். கஷ்டத்து மேல வெறுப்பு ஒளிஞ்சிருக்கிற மாதிரி சுகத்து மேல ஆசை ஒளிஞ்சிருக்கு. சும்மா இருக்கிற உணர்வுல அறியாமையாம். நம்ம நாள்ல பெரும்பகுதி அந்த மூணாவதுலதான் கழியுது, போரடிக்குதுன்னு தாண்டிப் போறோம், அதப் பத்தி கட்டுரையில ஒரு வரி கூட இல்ல.

இன்னொரு விஷயம். பெரிய இழப்புல இருக்கிறவங்களையும் பழைய அதிர்ச்சியில இருந்து மீளாதவங்களையும் "உக்காந்து கவனி, சரியாயிடும்"னு நேரா நீண்ட மௌன முகாமுக்கு அனுப்புறது ஆபத்து, சிலருக்கு அது இன்னும் மோசமாக்கும், அவங்க மொதல்ல மனநல மருத்துவரப் பாக்கணும். அடுத்த தடவ இதப் பத்தி எழுதினா இதையாவது ஒரு பெட்டிச் செய்தியா போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்