சேகரக் கமிட்டியாருக்கு: எங்கள் கீர்த்தனையைத் திருப்பிக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆயர் ஐயா அவர்களுக்கும், சேகரக் கமிட்டியாருக்கும், பாடகர் குழுப் பொறுப்பாளர்களுக்கும் ஸ்தோத்திரம்.

ஞாயிறு ஆராதனையில் தமிழ் ராகத்தில் அமைந்த கீர்த்தனையும் மேல்நாட்டு மெட்டில் பாடும் பாமாலையும் எப்படி ஏறக்குறைய நின்றுபோயின என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சபையை நடத்தும் கமிட்டியாக, அவற்றை நிறுத்தக் கூட்டத்தில் கைதூக்கியவர்கள் நீங்கள். அவற்றைத் திரும்பக் கேட்டு மூத்தவர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மனுவும் உங்கள் ஃபைலில்தான் கிடக்கிறது. ஆவன செய்வோம் என்று வாய்வார்த்தையாகச் சொன்னீர்கள். நீங்கள் ஆவன செய்வதற்குள் சபையில் ஒரு சாவு விழுந்துவிட்டது. அதனால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

இறந்தவர் யாரென்று மதுரையில் நம் சபையார் எல்லோருக்கும் தெரியும், பெயர் வேண்டாம். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். ஆனால் இயேசு கைதான கெத்செமனே தோட்டத்திலிருந்து சிலுவையில் அறையப்பட்ட கொல்கொதா வரை என்ன நடந்தது என்பதை வரிசை பிசகாமல் சொல்வார். பேச்சாகச் சொல்ல வராது, பாடித்தான் சொல்வார். நடுவில் நிறுத்தி, "அப்புறம் என்ன ஆச்சு பாட்டி?" என்று கேட்டால் முந்தின சரணத்துக்குப் போய்த் திரும்பி வந்தால்தான் அடுத்தது வாயில் வரும். பேதுரு மறுதலித்தது ஒரு சரணம், பிலாத்து கை கழுவினது ஒரு சரணம். அந்த அம்மாவுக்குப் பிரசங்கம் எதுவும் நினைவில் நின்றதாகத் தெரியவில்லை (பிரசங்கிமார் பொறுத்துக்கொள்ள வேண்டும்). பாட்டு நின்றது. வேதம் அவருக்குள் போன வழி அது ஒன்றுதான்.

அவர் உடல் வீட்டில் கிடந்த ராத்திரி, வழக்கப்படி சபையார் போய் உட்கார்ந்தோம். பாடகர் குழுப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். நல்ல பிள்ளைகள். ஐஸ்பெட்டியை உள்ளே தூக்கி வைத்ததே அவர்கள்தான். "அம்மாவுக்குப் பிடிச்ச பாட்டைப் பாடுங்க தம்பி" என்று மகள் கேட்டார். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பல்லவி தெரிந்திருந்தது. முதல் சரணத்தில் பாதி தெரிந்திருந்தது. அதோடு சரி. பெரியவர்கள் இரண்டு பேர் எடுத்துப் பாடப் பார்த்தார்கள், மூச்சு ஒத்துழைக்கவில்லை.

கடைசியில் ஒரு தம்பி போனில் தேடி எடுத்து ப்ளூடூத் ஸ்பீக்கரில் போட்டான். எங்கோ ஸ்டூடியோவில் யாரோ பாடியது. நன்றாகத்தான் பாடியிருந்தார்கள். இரண்டாம் சரணம் முடிந்த இடத்தில் விளம்பரம் வந்தது. வீட்டுக் கடன். குறைந்த வட்டி, உடனடி ஒப்புதல் என்று ஒரு பெண் குரல், ஐஸ்பெட்டியின் தலைமாட்டிலிருந்து. தம்பி பதறிப்போய் நிறுத்தப் பார்த்தான். பதற்றத்தில் சத்தம்தான் கூடியது. மகள் அழுகையை நிறுத்திவிட்டு அந்த ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் பாட்டுக் கேட்கவில்லை. பந்தலுக்கு அடியில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து கொசு அடித்தபடி விடிய வைத்தோம்.

அந்தப் பையன் மேல் எனக்கு வருத்தமில்லை. அவனுக்கு அந்தப் பாட்டை யார் சொல்லிக்கொடுத்தது? ஓய்வுநாள் பாடசாலையில் கையாட்டிக் குதிக்கும் பாட்டு. வாலிபர் கூட்டத்தில் கிட்டார். ஆராதனையில் திரையில் ஓடும் அதே பத்துப் பன்னிரண்டு. கீர்த்தனை, பாமாலைப் புத்தகம் அவன் கைக்கு வந்ததே இல்லை. அது இருக்கும் அலமாரியைப் பூட்டியது நீங்கள்.

எங்கள் கோரிக்கை சின்னது. ஞாயிறுதோறும் ஒரு கீர்த்தனை, ஒரு பாமாலை. எல்லாச் சரணமும். சபை சேர்ந்து பாடக்கூடிய சுருதியில். அவ்வளவுதான்.

கீர்த்தனை என்றாலே தஞ்சாவூர்ச் சங்கதி, பழைய சங்கதி என்று கமிட்டி அங்கத்தினர் ஒருவர் சொன்னார். பாதிதான் சரி. கீர்த்தனைகளை எழுதிய வேதநாயகம் சாஸ்திரியார் தஞ்சாவூரில் வாழ்ந்தவர். ஆனால் அவர் பாட்டுகளைத் திரட்டி, சபையில் பாடுவதற்கென்று 1853இல் அச்சிட்டவர் எட்வர்ட் வெப். அவர் நம் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர், திண்டுக்கல்லில் ஊழியம் செய்தவர். சாஸ்திரியாருக்கு அப்போது எண்பதை நெருங்கும் வயது. அந்நிய மெட்டில் நம் ஜனங்கள் வாய் திறக்காமல் நிற்பதைப் பார்த்துத்தான் ஒரு அமெரிக்க மிஷன் பாதிரியார் தமிழ் ராகத்தைத் தேடிப் போனார். இன்றைக்கு நம் சொந்தக் கமிட்டியே ஜனங்களை மறுபடியும் வாய் திறக்காமல் நிற்க வைத்திருக்கிறது.

புதுப் பாட்டு வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. சாஸ்திரியாரின் பாட்டும் ஒரு காலத்தில் புதுப் பாட்டுதான். பின்னால் வந்த மிஷனரிகள் சிலர் அதை ஆராதனையிலிருந்து ஒதுக்கப் பார்த்தார்கள், அவரும் விடாமல் சண்டை போட்டார். அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தில் சாதி பாராமல் உட்கார வேண்டும் என்று மிஷனரிகள் சொன்னபோது அதே சாஸ்திரியார் அதையும் எதிர்த்து எழுதினார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பாட்டை வைத்துக்கொண்டோம், அந்த எழுத்தை விட்டுவிட்டோம். நல்லதுதான். அந்தக் கணக்கை நேர்செய்ய வந்த பாட்டுகளும் நம் ஊரிலேயே பிறந்தன. அரசரடி இறையியல் கல்லூரியில் தியோஃபிலஸ் அப்பாவு, நம் எல்லோருக்கும் பறட்டை அண்ணன், கிராமத்து மெட்டில் ஒரு வழிபாட்டு முறையையே செய்து கொடுத்தார். பறையை ஆராதனைக்குள் கொண்டுவந்தார். அவர் மறைந்தது 2005இல். நம் பாடகர் குழுவில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்? ஆக, நீங்கள் கைவிட்டது பழசை மட்டுமல்ல. சாஸ்திரியாரும் போனார், பறட்டையும் போனார். மிச்சமிருப்பது, திரையில் ஓடும் பாட்டுகள் உள்ள பென் டிரைவ்.

அந்தப் பென் டிரைவில் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் உட்கார்ந்து கேளுங்கள். என் வீடு, என் எல்லை, என் சத்துரு, என் தலை உயரும், என் பாத்திரம் நிரம்பும். எல்லாம் ‘என்’. இயேசுவின் பாடுகளை நினைக்கும் போன லெந்து நாட்களில்கூட இவைதான் ஓடின. பாட்டை வைத்து அது லெந்தா, கிறிஸ்துமஸுக்கு முந்தின அட்வெந்தா, அறுப்பின் பண்டிகையா என்று யாராலும் சொல்ல முடியாது. புத்தகத்தில் ஒவ்வொரு காலத்துக்கும் தனிப் பகுதி உண்டு; அதைப் பாடிப் பாடியே எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்கள் சபை ஆண்டைத் தெரிந்துவைத்திருந்தார்கள். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற திரித்துவத்தைப் பற்றி நமக்கு யார் வகுப்பெடுத்தது? பாடினோம், தெரிந்தது. பாவம், மன்னிப்பு, மரணம், உயிர்த்தெழுதல் எல்லாம் அப்படி வந்ததுதான். பாட்டில் இல்லாதது சபையாரின் ஜெபத்திலும் மெல்ல மெல்ல இல்லாமல் போகும். வாரஜெபக் கூட்டத்தில் காது கொடுத்துக் கேட்டால் தெரியும், இப்போதே எல்லோரும் வேலை உயர்வுக்கும் வீட்டு மனைக்கும்தான் ஜெபிக்கிறோம். சாவைப் பற்றிப் பேச நம்மிடம் பாட்டே இல்லாமல் போனதால்தான் அன்றைக்கு வீட்டுக் கடன்காரர் வந்து பேசினார்.

கீபோர்டு தம்பிக்கும் ஒரு வார்த்தை, அன்போடுதான். எப்போதாவது ஒரு கீர்த்தனை போட்டாலும் அதை இன்னொன்றாக்கிவிடுகிறீர்கள். புத்தகத்தில் தலைக்கு மேலேயே ராகமும் தாளமும் அச்சாகியிருக்கிறது. மிஸ்ரசாபு தாளம் என்றால் ஏழு எண்ணிக்கை. உங்கள் பெட்டியில் பொத்தானை அமுக்கினால் வருவது நாலும் எட்டும். பெட்டிக்காக ஏழை எட்டாக இழுத்தால் சொல் முறிகிறது, பெரியவர்கள் ஒரு பக்கம் போக டிரம்ஸ் ஒரு பக்கம் போகிறது. பிறகு, கீர்த்தனை எடுபடவில்லை என்று கமிட்டியில் அறிக்கை வாசிக்கப்படுகிறது. இதே ஊரில் மீனாட்சியம்மன் கோயில் ஓதுவார்கள் தேவாரத்தைப் பண் மாறாமல் காப்பாற்றி வருகிறார்கள். நம்மால் ஏழு வரை எண்ண முடியவில்லை. சுருதியும் அப்படித்தான். பாடகர் தம்பிக்கு எட்டுகிற உச்சி, ஐம்பது தாண்டிய பெண்களுக்கு எட்டாது. பாதிப் பாட்டில் ஸ்கேலை வேறு ஏற்றுகிறீர்கள். சபை நின்று வேடிக்கை பார்க்கிறது. திரையைப் பார்த்தாவது பாடலாம் என்றால் அங்கே ஒற்றெழுத்துகள் எல்லாம் நம்மை முந்திக்கொண்டு பரலோகம் போய்ச் சேர்ந்துவிட்டன. புகை எந்திரம் இன்னும் வாங்கவில்லை. அதற்காகவும் ஸ்தோத்திரம்.

இளைஞர்கள் போய்விடுவார்கள் என்பது உங்கள் ஒரே பதில். போகிறவர்கள் இப்போதும் போய்க்கொண்டுதானே இருக்கிறார்கள்? பைபாஸ் ரோட்டு மண்டபத்தில் நடக்கும் கூட்டத்தில் நம்மைவிடப் பெரிய திரை, நம்மைவிடப் பெரிய ஸ்பீக்கர். அந்தப் போட்டியில் நாம் ஜெயிக்கப்போவதில்லை. அவர்களிடம் இல்லாதது நம் புத்தகம் ஒன்றுதான், அதைத்தான் பூட்டி வைத்திருக்கிறோம். வாலிபர்களுக்குப் பிடிக்காது என்கிறீர்களே, சொல்லிக்கொடுத்துப் பார்த்தீர்களா?

கமிட்டிக்கு ஆள் எடுக்கும் சேகரத் தேர்தல் என்றால் மட்டும் இரண்டு அணியும் வீடு வீடாக வருகிறீர்கள். நோட்டீஸ் வருகிறது, ஆட்டோ வருகிறது, நடக்க முடியாத பெரியவர்களைக் கைத்தாங்கலாக அழைத்துப்போய் ஓட்டுப் போட வைக்கிறீர்கள். அந்த அம்மாவையும் அப்படித்தான் கூட்டிப்போனீர்கள். ஆலயத்தில் மழைக்கு ஒழுகும் இடம் அப்படியே ஒழுக, திரைக்கு மட்டும் ஒரே கூட்டத்தில் பணம் ஒதுக்கினீர்கள். இதையெல்லாம் எழுத ஆரம்பித்தால் மடல் பேராயரின் திருமண்டல அலுவலகம் வரை நீளும். கோரிக்கைக்கே வருகிறேன்.

ஞாயிறுதோறும் ஒரு கீர்த்தனை, ஒரு பாமாலை, எல்லாச் சரணத்தோடும். புதுப் பாட்டுகள் அவற்றுக்கு முன்னும் பின்னும் தாராளமாக இருக்கட்டும். கூடவே சனிக்கிழமை பாடகர் பயிற்சியில் அரை மணி நேரம் ஒதுக்கினால், சரணங்கள் தெரிந்த பெரியவர்கள் சிலர் வந்து பிள்ளைகளுக்குச் சொல்லித்தரத் தயாராக இருக்கிறார்கள். சம்பளம் வேண்டாம், காப்பியும் வேண்டாம். ஆர்மோனியத்தின் துருத்தியைப் பழுது பார்க்கும் செலவைப் பெண்கள் ஐக்கிய சங்கம் ஏற்றுக்கொள்கிறது. அடக்க ஆராதனைப் பாட்டுகளை முதலில் எடுத்துக்கொள்வது நல்லது. அவற்றைத் தெரிந்தவர்களுக்கும் வயதாகிறது.

வருகிற கமிட்டிக் கூட்டத்தில் இதைப் பொருளாக எடுத்துப் பேசி, உங்கள் முடிவை அறிவிப்பு நேரத்தில் வாய்விட்டு வாசிக்கும்படி மிகுந்த தாழ்மையோடு கேட்டுக்கொள்கிறேன். தயவுசெய்து திரையில் போட வேண்டாம்.

கிறிஸ்துவின் பணியில்,
சபை அங்கத்தினர் ஒருவர்
மதுரை