வலி தாங்காத இந்தக் காலத்துப் பெண்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பகுதியில் வலியில்லாப் பிரசவம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். இந்தக் காலத்துப் பெண்களுக்கு வலி தாங்கும் மனசு கிடையாது, அதனால்தான் முதுகில் ஊசி கேட்கிறார்கள் என்று அதில் ஒரு வரி. எழுதியவரின் படத்தையும் போட்டிருந்தீர்கள். நல்ல மீசை. எத்தனை பிள்ளை பெற்றார் என்கிற குறிப்பு மட்டும் இல்லை.

எனக்கு மூன்றும் நார்மல். தலைச்சன் பிரசவத்தில் நான் கத்தியதற்கு ஆயாம்மா தொடையில் அறைந்து, "அப்ப இனிச்சுதா? இப்ப இன்னாத்துக்குக் கத்தற?" என்றார். அப்புறம் ஆண் பிள்ளைக்கு ஒரு ரேட், பெண் பிள்ளைக்கு ஒரு ரேட் என்று என் மாமியாரிடம் கை நீட்டியதும் அவரேதான். இதையெல்லாம் எழுதித் தங்களுக்கு ஒருமுறை கடிதம் போட்டேன். அது வரவில்லை, நடிகை ஒருவரின் சீமந்தம் நடுப்பக்கத்தில் வந்தது. இருக்கட்டும்.

போன ஐப்பசியில் என் மகளுக்கு வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் பிரசவம். மாதாந்திர செக்கப்பிலேயே எபிடியூரல், அதாவது வலி தெரியாமல் இருக்க மயக்க டாக்டர் முதுகில் போடும் அந்த ஊசி, வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தாள். "பாத்துக்கலாம்மா" என்றார்கள். பனிக்குடம் உடைந்து வலி எடுத்த ராத்திரி, அவள் கட்டில் கம்பியைப் பிடித்த பிடியில் வளைகாப்பு வளையல் பாதி நொறுங்கிப்போனது. படுக்கையில் சில்லு பொறுக்கிக்கொண்டே நர்ஸைக் கேட்டேன். "மயக்க டாக்டர் ராத்திரில வரமாட்டாரும்மா. வீடு காட்பாடி" என்றார். விடியற்காலையில் குழந்தையின் துடிப்பு குறைகிறது, ஆபரேஷன் என்றார்கள். நான் வாங்கி வந்த டீ ஆறுவதற்குள் அதே மயக்க டாக்டர் வந்து நின்றார்! வலிக்குக் கூப்பிட்டால் மட்டும் காட்பாடி மேம்பாலத்தை மூடிவிடுவார்களா?

தமிழ்நாட்டில் நூற்றுக்கு 44.9 பிரசவம் சிசேரியன், தனியாரில் மட்டும் 63.8 என்று 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு சொல்வது தாங்கள் அறியாததல்ல. அத்தனைக்கும் மயக்க டாக்டர் கிடைக்கிறார். என் தங்கை மகள் நர்ஸ். அவள் சொன்னாள்: "ஆபரேஷன்னா ஒரு மணி நேரத்துல வேலை முடிஞ்சிரும் பெரிம்மா. எபிடியூரல்னா முதுகுல சின்ன குழாய் வெச்சு மருந்து ஏத்திக்கிட்டே, பிரஷரைப் பாத்துக்கிட்டே, பிள்ளை பொறக்கற வரைக்கும் ஆள் இருக்கணும். அதுக்கு யார் சம்பளம் குடுப்பா?" கட்டுரையாளர் இதையல்லவா எழுதியிருக்க வேண்டும்?

ஊசி போட்டால் ஆயுசுக்கும் இடுப்பு வலியாம், அதையும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். எந்த ஊசியும் போடாத எனக்கு முப்பது வருஷமாக இடுப்பு வலி, அதற்கு என்ன சொல்வார்? எபிடியூரலால் நீண்டகால முதுகுவலி வருவதாக ஆராய்ச்சியில் தெரியவில்லை. குறை இல்லாமல் இல்லை: ரத்த அழுத்தம் இறங்கலாம், முக்கும் நேரம் நீளலாம், ஆயுதம் போட்டு எடுப்பது சற்றுக் கூடலாம், ரத்தம் உறைவதில் கோளாறு உள்ளவர்களுக்குப் போடவும் மாட்டார்கள். ஆனால் கேட்கிற ஆரோக்கியமான பெண்ணுக்குக் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2018இல் சொல்லிவிட்டது. விக்டோரியா மகாராணி 1853இல் எட்டாவது பிள்ளையைக் குளோரோஃபார்ம் முகர்ந்துதான் பெற்றார். அவரும் இந்தக் காலத்துப் பெண்ணா?

பிரசவத்தில் ஒரே ராத்திரியில் மூன்று பெண்கள் செத்ததைப் பார்த்து சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் டாக்டருக்குப் படித்து வந்து வைத்தியம் ஆரம்பித்த ஊர் வேலூர். அந்த ஊரில் விற்கிற பத்திரிகை தங்களுடையது. நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். பெண் மயக்க மருந்து நிபுணர் ஒருவரிடம், யாருக்குப் போடலாம், என்ன செலவாகும், ராத்திரியில் ஆள் உண்டா என்று செக்கப்பிலேயே எப்படிக் கேட்டு வைப்பது என்று ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். என் சந்தா புரட்டாசியோடு முடிகிறது. அதற்குள் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
வாசகி, குடியாத்தம்